மெட்டாலும் மெடலும்

ஒஸ்லோ மருத்துவமனையில் ஒரு தமிழ் நோயாளிக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். உயரமான, நரைத்த மனிதர். தாதி நோர்வேஜிய மொழியில் கேட்பதை நான் தமிழில் சொல்லுமுன்பே பதில் சொல்லிவிடுவார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

காந்தத்தால் எடுக்கும் முதுகு ஸ்கேனுக்கு முன், உடம்பில் உலோகம், அதாவது ‘மெட்டால்’ இருக்கிறதா என்று தாதி கேட்டார்.

“மெடலோ? சண்டையிலை துணிஞ்சு நிண்டதுக்குத் தந்தவை. நாட்டை விட்டு வெளிக்கிடேக்கை கிணத்துக்கை எறிஞ்சிட்டன்.”

“மெடல் இல்லை அண்ணை, இரும்பு. உடம்புக்கை ஏதும் கிடக்கோ?”

“ஓம், முதுகிலை ஷெல் துண்டு. அந்தச் சண்டையிலை பட்டதுதான். அதை எறிய ஏலாதே.”

இவ்வளவு நேரம் என்ன சொன்னார் என்றார் தாதி. “இருக்கிறதாம்” என்றேன். கிணற்றைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

காந்தம் துண்டை இழுத்துவிடும் என்று, மாதக்கணக்கில் காத்திருந்த ஸ்கேன் இல்லையென்று ஆயிற்று. வந்த வலியோடே ரயிலுக்கு நடந்தார்.