பெட்ரோல்காரரும் டீசல்காரனும்

எங்கள் குடும்பத்தில் சொத்துக்காகச் சண்டை வந்ததில்லை, சாமிக்காகவும் வந்ததில்லை. எஞ்சினுக்காக வந்தது.

மலையாளச் சீமையில், ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திர வாடகைக் கடை. அண்டா, உருளி, நாற்காலி, அதோடு இரண்டு சக்கர டிராலியில் ஏற்றி வைத்த பெரிய ஜெனரேட்டர் ஒன்று. நானும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறோம். தம்பியிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் உண்டு. அதன் பின்கொக்கியில் டிராலியை மாட்டிவிட்டால் எந்தக் கல்யாணத்துக்கும் அசராமல் இழுத்துப் போவான். காலையில் அது உறுமிக் கிளம்பும்போது விடுகிற கரும்புகையில் எதிர்க்கடை மல்லி மூட்டைகள் இருமும்.

வேலை கூடியதால் இன்னொரு வண்டி தேவைப்பட்டது. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அந்த வேலையை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்திருந்த சமயம். சும்மா இருக்கிறாரே என்று வண்டி தேடும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

மனிதர் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். அமெரிக்காவில் தொப்பி போட்ட ஆட்கள் பிக்கப்பின் பின்னால் படகைக் கட்டிக்கொண்டு மலையேறுகிற வீடியோக்கள். பெட்ரோல் நன்றாக இழுக்கிறதா, டீசல் நன்றாக இழுக்கிறதா, எது சூடாகிறது, எது பல வருடம் கழித்தும் மக்கர் செய்யாமல் ஓடுகிறது என்று அவர்கள் கத்திக்கொண்டே இருப்பார்கள். இவர் சாம்பாரில் கையை வைத்தபடி தலையாட்டுவார். அவர்களாவது படகை இழுத்தார்கள். நாங்கள் இழுக்கப்போவது பாயச உருளியை.

கடைசியில் பெட்ரோல் என்று முடிவு செய்தார். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது.

"அத்தான், பெட்ரோல் ஆளு ஏத்துததுக்குக் கொள்ளாம், நல்லதுதான். பாரம் இழுக்க டீசல் வேணும், கேட்டேளா. டீசல் அடியில இருந்தே வலிக்கும், இழுத்துட்டுப் போவும். பெட்ரோலு சும்ம கெடந்து கூவும்."

"மாப்ளே, நாம ஓடுதது சாலை பஜாரும் கிழக்கேகோட்டையும். புது டீசல் வண்டிய இப்படிச் சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டினா பில்டர்ல கரி அடைச்சுக்கும். பின்னே ஒர்க்ஷாப்தான் கதி. பெட்ரோலுக்கு அந்தத் தொல்லை ஒண்ணும் இல்ல."

"எனக்க வண்டி எத்தன வருஷமா ஓடுது? என்னிக்காவது வழியில நின்னுருக்கா?"

"நிக்கல்ல. ஆனா அது வருதுன்னு பழவங்காடி வரைக்கும் தெரியுது."

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்று எனக்குப் பட்டது. இரண்டும் சரியாக இருந்ததால்தான் சண்டை தீரவே இல்லை. புது வண்டிக்குப் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைக்கப் போனபோது, தம்பி தன் பழைய டீசலையும் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தி அதற்கும் ஒரு தேங்காய் உடைத்தான். உடைத்த வேகத்தில் ஓட்டுச் சில்லு ஒன்று என் வீட்டுக்காரர் நெற்றியில் பட்டது. வேண்டுமென்றே செய்யவில்லை என்றான். நான் நம்பவில்லை.

எங்கள் கடையில் பாத்திரம் கழுவி அடுக்குகிறவள் ஒருத்தி. மலைமேல் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், புருஷன் இல்லை. அவள் மகளுக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் எஸ்டேட் மைதானத்திலேயே பந்தல் போட்டு விருந்து வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கீழே இறங்கி வர முடியாத வயசாளிகள் அங்கே நிறையப் பேர். அவள் பெண்ணைத் தூக்கி வளர்த்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மாவோ கீழே விதுரையில் மண்டபம் பிடிக்கச் சொன்னாள். "அந்த இருட்டுக் காட்டுக்குள்ளயா எம்மவனுக்கு விருந்து?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். மழை மேகத்தைக் கண்டாலே கரண்ட் போகிற இடம் அது. அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் இவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"லைட்டுக்கு நான் பொறுப்பு மைனின்னு சம்பந்திகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன் அக்கா," என்றாள் என்னிடம். "அன்னைக்கு மட்டும் இருட்டாச்சுன்னா, எம்மவ ஆயுசு முழுக்க இந்தப் பேச்சைக் கேட்டுட்டே கெடப்பா."

ஜெனரேட்டர் வரும் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த அடுத்த நிமிஷமே வீட்டில் தொடங்கிவிட்டது, மலைக்கு டிராலியை இழுக்கப்போவது பெட்ரோலா டீசலா என்று. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மலைப்பாதையில் போகும்போது ஜெனரேட்டர் டாங்கைக் காலி செய்துவிடுவோம்; வளைவுகளில் சிந்தும். ஜெனரேட்டர் டீசலில் ஓடுவது. அதற்கான டீசலைத் தனியாகக் கேனில் கொண்டுபோவோம். எந்த வண்டி டிராலியை இழுக்கிறதோ, அந்த வண்டிக்காரர் கேனை நிரப்பி எடுத்து வரவேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பி என்னிடம் வந்தான். "அக்கா, அத்தானே இழுக்கட்டு. புது வண்டியில்லா, ஆசை காணும், பாவம்." எனக்கு மனசு குளிர்ந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்: "உன் தம்பியே இழுத்துக்கிடட்டு. மலை அவனுக்குத்தான் பழக்கம். நான் வெறுதே எதுக்கு மல்லுக்கு நிக்கணும்?" எனக்கு இன்னும் குளிர்ந்தது. என்ன அருமையான மனிதர்கள் என்று நினைத்து அன்றைக்கு இருவருக்கும் நெய் விட்டு அடை வார்த்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் டிராலி நடுத்தெருவில் நின்றது. "நீங்க மாட்டுங்க அத்தான்." "சே, நீ மாட்டு மாப்ளே." "இல்ல, நீங்கதான்." பின்னால் வந்த சரக்கு லாரிக்காரன் மலையாளத்தில் எங்கள் முன்னோரை விசாரிக்க ஆரம்பித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்றது பெட்ரோல் வண்டி. அதிலேயே மாட்டச் சொன்னேன். பாத்திரங்கள் டீசலில் ஏறின.

ஏற்றத்தில் தம்பி சொன்னது போலத்தான் நடந்தது. பெட்ரோல் வண்டி முதல் கியரிலேயே கூவிக்கொண்டு ஏறியது. முன்னால் போன டீசல், அத்தனை அண்டாவையும் சுமந்துகொண்டு, இரண்டாவது கியரில் அலட்டாமல் ஏறியது. தம்பி ஒவ்வொரு வளைவிலும் நின்று எங்களுக்காகக் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பில் மரியாதை கொஞ்சமும் இல்லை. ஈரச் சருகில் ஒரு இடத்தில் எங்கள் சக்கரம் வழுக்கியபோது அவனே இறங்கி வந்து கல் வைத்தான். ஆனால் ஏறிவிட்டோம். மேலே போய் இறங்கியதும், "ஏறிச்சா இல்லையா?" என்று அவர் கேட்டதற்குத் தம்பி, "ஏறிச்சு. காடு முழுக்க அறியும்," என்றான்.

மேகம் இறங்கியது. கரண்ட் போனது. மாப்பிள்ளை வீட்டார் வேன் கீழ்வளைவில் வருகிறது என்று செய்தி வந்தது. பந்தல் முழுக்கப் பல்பு கட்டியிருந்தது.

"கேனை எடு மாப்ளே," என்றார் இவர்.

"கேன் உங்ககிட்டல்லா இருக்கு அத்தான்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. விட்டுக்கொடுத்தவன் கேன் எடுப்பானா? இவர் விட்டுக்கொடுத்தார், அவனும் விட்டுக்கொடுத்தான், கேன் ஆரியசாலையில் பத்திரமாக இருந்தது. பெட்ரோல் வண்டியில் டாங்க் நிறைய எண்ணெய். ஜெனரேட்டருக்கு அது ஆகாது. இறங்கி விதுரைக்குப் போய் டீசல் வாங்கி வருவதற்குள் இருட்டிவிடும். அந்திக்குப் பிறகு வனத்துறை செக்போஸ்டில் மேலே விடமாட்டார்கள். யானை இறங்குகிற பாதை.

பெண்ணின் அம்மா பட்டுப்புடவையோடு பல்புகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு இருவரையும் கன்னத்தில் அறையலாமா என்றிருந்தது.

தம்பிதான் அசைந்தான். தண்ணீர்க் குழாய் ஒன்றை யார் வீட்டிலிருந்தோ உருவிக்கொண்டு வந்து தன் வண்டியின் டாங்கில் விட்டான். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். என் வீட்டுக்காரர் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். முதல் உறிஞ்சலில் காற்று. இரண்டாவதில் டீசல் வாய் நிறைய வந்துவிட்டது. துப்பினான், இருமினான், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"எப்பிடி இருக்கு மாப்ளே?"

"அடியில இருந்தே வலிக்குது அத்தான்."

நான் சிரித்துவிட்டேன். அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாதுதான், வந்துவிட்டது. அடுத்த முறை என் வீட்டுக்காரர் குழாயை வாங்கித் தானே உறிஞ்சினார். பெட்ரோல் கட்சிக்காரரின் வாயிலும் டீசல் போனது. வாளி வாளியாக ஊற்றினார்கள். தம்பி தன் வண்டியில் கீழே இறங்கக்கூட எண்ணெய் மிச்சம் வைக்கவில்லை. "அத்தான் வண்டி ஓடும் இல்லா, நாளைக்குப் போய் வாங்கிட்டு வருவாரு," என்றான். அந்தப் பெட்ரோல் வண்டியைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

வேன் மைதானத்துக்குள் திரும்பியபோது அந்தி இருட்டு, பந்தலில் இன்னும் விளக்கில்லை. கதவு திறக்கவும் ஜெனரேட்டர் இரண்டு முறை திணறிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பந்தல் முழுக்க ஒரே நேரத்தில் எரிந்தது. வயசாளிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெண்ணின் அம்மா மட்டும் விளக்கைப் பார்க்கவில்லை. வேனிலிருந்து இறங்கிய சம்பந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மாள் புருவத்துக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். "ஆத்தாடி, கண்ணு கூசுதே! இம்புட்டு லைட்டு எதுக்கு?"

எங்கள் கடையில் தலை நிமிராமல் அண்டா தேய்க்கிறவள், பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, சிரிக்காமல் கேட்டாள்:

"கொஞ்சம் அணைக்கச் சொல்லட்டுமா மைனி?"