கேட் இல்லாத பஞ்சாயத்து ஆபீஸ்

ஆனைமலைக்குப் போகும் வழியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாக்கடைமேல் கிடக்கும் இரும்புப் பாலத்தைத் தாண்டி, தண்ணீர் கேட்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குள் நுழைகிறேன். நாற்காலியில் புதிதாக ஜெயித்த தலைவி. போன மாதம்வரை தோட்டக்கூலி என்கிறார். சுவரில் ஒரு வெளிநாட்டுக்காரர் படம்.

"யாருங்கம்மா இவர்?"

"பிலிப்பைன்ஸ் பிரசிடெண்டுங்க. பேரு வாயில நுழையாது. உலகச் சண்ட முடிஞ்சு வந்தவரு, முன்ன மெக்கானிக்காமா. ஏழை சனத்துக்கு அரமனைக் கதவத் தொறந்துவுட்டாராமா. பிளேன் விழுந்து செத்துப்போனாருங்க. ட்ரெயினிங்ல சொன்னாங்க."

"நீங்களும் திறந்துட்டீங்களா?"

"முன்ன இருந்தவங்க எங்க சனத்த இந்த ஆபீஸ் கேட்டுக்கு வெளியவே நிறுத்துனாங்க. மொத நாளே கழட்டிப்போட்டேனுங்க."

"கேட் எங்கே?"

வாசலைக் காட்டிச் சிரிக்கிறார்.

"சாக்கடைக்குப் பாலமாக் கெடக்குதுங்க. பழைய தலைவரும் அத மிதிச்சுத்தான் எங்கிட்ட மனுக் குடுக்க வாராரு."