துவைக்காத சேலை

என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் மிஞ்சியது நானும் அவள் வளர்த்த நாயும்தான். எங்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது. அதை அவள் ‘நைனா, நைனா’ என்று கொஞ்சுவாள். கட்டின புருஷனை ஒருநாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பாளா? எனக்கு எப்போதும் ‘இந்தாய்யா’தான். இப்போது சோறு போடுவது நான். ஆனாலும் நாய் வாசலைப் பார்த்துக்கொண்டே தின்னும்.

அவளுடைய பழைய நூல் சேலை ஒன்றின் மேல்தான் அது சுருண்டு படுக்கும். மழை விட்ட ஒரு காலை, நாற்றம் தாங்காமல், துவைத்துப் போடலாமென்று சேலையின் முனையைப் பிடித்து இழுத்தேன். உறுமியது. “போடா, பெரிய இவன்!” என்று இன்னும் வேகமாக இழுத்தேன். கையைக் கவ்விவிட்டது. ரத்தம் சொட்டியது.

பக்கத்து வீட்டுப் பங்காளி ஒரு கையில் சுண்ணாம்பும் இன்னொரு கையில் மண்வெட்டிக் காம்புமாக ஓடிவந்தான். சுண்ணாம்பு எனக்கு, காம்பு நாய்க்கு. காயத்தில் சுண்ணாம்பை அப்பிவிட்டு நாயின் பக்கம் திரும்பினான்.

“கடிச்ச நாய வச்சிக்கினு இன்னாணா பண்ணப் போற? ஒரே போடு, பேஜாரு வுட்டுச்சி.”

“கீழ போடுடா அத!” என்று கத்தினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சேலையை விட்டதும் நாய் அடங்கிவிட்டது. அதைக் கயிற்றில் கட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சுண்ணாம்பைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே குழாயடியில் என் கையைப் பிடித்து, சோப்புப் போட்டு, நெடுநேரம் கழுவினார். என் கையை இன்னொரு கை பிடித்து எத்தனை மாதமாயிற்று! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எரிச்சலால் என்று அவர் நினைத்துக்கொண்டார். காயத்தைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டார்.

“நாய அடிச்சிப் போட்டாங்களா?”

“இல்லமா, கட்டி வச்சிக்கிறேன்.”

“நல்லது. பத்து நாளு கண்ணுலயே வச்சிக்கினு இருங்க. ஒழுங்கா சாப்ட்டு, உயிரோட நல்லா இருந்தா அதுக்கு வெறியில்ல. ஆனா நீங்க ஊசிய மட்டும் வுட்றாதீங்க. வூட்ல யார் கீறாங்க பாத்துக்க?”

“நாய்தான்.”

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அந்தப் பத்து நாளும் தெரு என்னை ஒதுக்கி வைத்தது. என் வீட்டுப் பக்கம் பிள்ளைகளை விடவில்லை. பங்காளி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “இன்னா, எதுனா மாறிச்சா?” என்பான்.

“நாயக் கேக்கறியா, என்னக் கேக்கறியா?”

சிரிக்காமல் போய்விடுவான். அந்தக் காம்பு அவன் வீட்டுச் சுவரில் சாய்ந்தே கிடந்தது. நாய் கொஞ்சம் சுணங்கினாலும் அவன் அதை எடுத்துவிடுவான் என்று தெரியும்.

ஒருநாள் அது சோற்றைத் தொடவில்லை. தண்ணீரையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெறிதானோ என்று பயந்துபோனேன். ஊசி போட்டாயிற்று, எனக்கு ஒன்றும் ஆகாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். பயம் எனக்காக இல்லை. இதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரைத் திட்டுவது? எட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, “குடிடா சனியனே, குடி!” என்று அன்று முழுக்கக் கெஞ்சினேன். பொழுது சாயும்போது எழுந்து வந்து சளப் சளப்பென்று குடித்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

பத்து நாள் கழிந்ததும் கட்டை அவிழ்த்து, ஆட்டோவில் ஏற்றிப்போய் அதற்கும் தடுப்பூசி போட்டேன். என்னுடைய கடைசி ஊசி அன்று நர்ஸம்மா முதலில் நாயைத்தான் விசாரித்தார். பிறகு, “அவ்ளோதான் பெரியவரே, இனிமே வர வேணாம்” என்றார். எல்லோருக்கும் நல்ல செய்தியாக இருப்பது எனக்கு மட்டும் ஏன் அப்படி வலித்தது!

வீட்டுக்கு வந்தேன். நாய் சேலையின் ஒரு பாதியில் படுத்திருந்தது. மறுபாதியில் மெதுவாக உட்கார்ந்தேன். உறுமவில்லை. முந்தானையை எடுத்து மூக்கருகில் வைத்தேன். மண் வாசனை, நாய் வாசனை. அவள் வாசனை துளிகூட இல்லை. நான் விட்ட முந்தானையில் நாய் தன் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இழுத்து இழுத்து முகர்ந்தது.

“உனக்காச்சும் வருதா, நைனா?” என்று கேட்டேன்.