வெப்சைட்டுக்குப் பேப்பர் யார் பேரில்?

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தியவர் இசக்கிமுத்து அண்ணாச்சி. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். என் ஆபீஸ் பை அவர் தைத்ததுதான். பன்னிரண்டு வருடமாகியும் தையல் விடவில்லை. என்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கையில் வெப்சைட் செய்து தர மூன்று பேர் கொடுத்த கொட்டேஷன்கள்.

"சார், ஒரு பெரிய ஓட்டல்ல எண்ணூறு பை கேக்காவ. சாம்பிள் பிடிச்சுப் போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள வெப்சைட் லிங்க் அனுப்புங்காவ. இல்லேன்னா ஆர்டர் கிடையாதாம்."

மழைக்காலத்தில் பட்டறையில் வேலை படுத்துவிடும். இந்த எண்ணூறு பை வந்தால்தான் ஆறு தையல்காரர்களையும் ஊருக்கு அனுப்பாமல் வைத்திருக்க முடியும்.

சரி, என்னிடம் ஏன் வந்தார்? எனக்கு ஒரு காலத்தில் வெப்சைட் இருந்தது. அந்தத் தகுதி போதாதா?

நெருளில் ஒருவர் ஆறாயிரத்து ஐநூறு கேட்டிருந்தார். கிங்ஸ் சர்க்கிள் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் பெண்மணி, இருபத்தெட்டாயிரம். அந்தேரிக் கம்பெனி ஒன்றே முக்கால் லட்சம் — முதல் வரியிலேயே 'உங்கள் பிராண்டின் பயணம்' என்றிருந்தது. தாராவியிலிருந்து ஓட்டலுக்கு டெம்போ வைத்தால் பயணம் முடிந்தது...

ஒரே சாமானுக்கு மூன்று விலை. வெங்காயத்தை இப்படி விற்றால் சும்மா விடுவோமா?

எனக்கும் சந்தேகம் வந்தது. படித்தவன் சந்தேகம் — அதாவது, அதிக விலை சொன்னவரை மட்டும் சந்தேகப்பட்டேன். "பேசாம நெருள்காரர்கிட்ட கொடுத்துடுங்கோ அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சியின் சந்தேகம் வேறு ரகம். எந்தப் பையைக் கொடுத்தாலும் உள்பக்கத்தை வெளியே இழுத்து லைனிங்கைத்தான் முதலில் பார்ப்பார். நெருளுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தம்பி, பேப்பர் யாரு பேருல இருக்கும்?"

"எந்தப் பேப்பர் அங்கிள்?"

"வெப்சைட்டுக்கு ஒரு பேரு வாங்கணும்னு சொன்னீயள்லா, அதுக்குத்தான். தாராவியில ரூம் வாங்கப் போனா மொதக் கேள்வியே அதுதானே?"

"அதுவா... என் அக்கவுண்ட்ல எடுத்துடுவேன். டென்ஷன் மத் லோ அங்கிள், கவலையே வேண்டாம். வருஷா வருஷம் நானே ரின்யூ பண்ணிடுவேன்."

"எவ்வளவுக்கு?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணாச்சி ஃபோனை வைத்தார். "பாத்தீயளா சார்? செவரு நான் கட்டணும், வாசக்கதவு அவர் பேருல!"

என் வெப்சைட்டின் பெயரையும் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் அவர் பெயரில்தான் எடுத்திருந்தார். அவர் கனடா போனார், ரின்யூ மறந்தார். இப்போது அந்த முகவரியில் முடி வளரும் எண்ணெய் விற்கிறார்கள். நல்லவேளை, என் போட்டோவை எடுத்துவிட்டார்கள். இருந்திருந்தால் ஒரு பாட்டில் விற்றிருக்காது.

அடுத்து கிங்ஸ் சர்க்கிள். அதே கேள்வி.

"உங்க பேர்ல, உங்க ஈமெயில்ல எடுத்துடலாம். பாஸ்வேர்டும் உங்ககிட்டதான் இருக்கும். பேருக்கு வருஷம் ஆயிரத்துச் சொச்சம். சைட்டை வெச்சிருக்கற இடத்துக்கு வாடகை மூவாயிரம், நாலாயிரம் ஆகும். மீதி எங்க கூலி."

"கூலின்னு சொன்னீயள்லா, அது பேச்சு! அஞ்சு பக்கம் போதும்மா. போட்டோ நானே எடுத்துத் தாரேன்."

இருபத்திரண்டாயிரத்தில் நின்றது.

சின்னத் தொழில் செய்கிறவர் வெப்சைட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். விலையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரிக்கத் தயங்குகிறவர் ஆறாயிரம் கேட்டாலும் அதிகம்தான்.

வியாழக்கிழமை லிங்க் போனது. வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. ஆனால் ஓட்டல்காரர் சைட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம்! அவர்களுடைய ஃபாரத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். அவ்வளவுதான்.

"ஒரு கட்டத்தை நிரப்பவா அண்ணாச்சி இருபத்திரண்டாயிரம்?" என்று பட்டறைக்கே போய்க் கேட்டேன்.

"இருக்கட்டும் சார். ஆறு பேரும் மிஷின்ல உக்காந்தாச்சு. கட்டமும் நம்ம பேருலதான இருக்கு!"

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து எங்கள் ஃபிளாட்டின் பத்திரத்தைப் பார்த்தேன். மனைவி பெயரில் இருக்கிறது. வருஷா வருஷம் ரின்யூ ஆகிக்கொண்டிருப்பது நான்தான்.