கலாமணி அக்கா ஒட்டிய அம்பு

கோயம்புத்தூர் அலுவலகத்தில் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது, எங்கள் பயிற்சி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கலாமணி அக்காவின் படம் வந்திருந்தது. பிறந்தநாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கீழே இருந்த வரியைப் பிறகுதான் படித்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையருகே நின்றவர் அப்படியே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. வயது நாற்பத்திரண்டு.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவிநாசிபாளையத்துக்காரர். பதினான்கு வருடங்களாகச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ தையல் பிசகோ தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைக்க வேண்டும். நான் பி.காம். முடித்துவிட்டு வேறொரு கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள். ஷிப்டு முடிந்து மாலையில் நடந்த ஆறு மாத புரோகிராமிங் பயிற்சியில்தான் இருவரும் சந்தித்தோம். முதல் நாள் ஏன் சேர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். நாங்கள் எல்லோரும் வேலைக்காக என்றோம். அக்கா மட்டும், "இத்தன வருசமா அடுத்தவங்க தப்பையே தேடீட்டு இருக்கறனுங்க சார். நானா ஒண்ணு செஞ்சு பாக்கோணுமுங்க" என்றார்.

இரண்டாம் வாரம் தன் புரோகிராமில் தப்பான வரியைக் கண்டுபிடித்தவர், பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்து அம்பை எடுத்துக் கம்ப்யூட்டர் திரையிலேயே ஒட்டிவிட்டார். சார் வந்து பார்ப்பதற்குள் பக்கம் மேலே நகர்ந்துவிட்டது. அம்பு, ஒரு குற்றமும் செய்யாத வரியைக் காட்டிக்கொண்டு நின்றது. "ஏனுங்க சார், துணி நவுந்துருச்சு, அம்பு நவுரலையே!" என்று கேட்டாரே பார்க்கலாம், வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார்.

கடைசி மாதம் நானும் அவரும் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்தோம். எந்தப் பெட்டியில் எந்த சைஸ் பனியன் எத்தனை என்று பட்டியல் போடும் புரோகிராம். பிழையில்லாமல் ஓடியது. நான் குதித்தேன். அக்கா தன் பழைய லேப்டாப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல் முன்னால, எம் நடுவுல, எஸ் அதுக்கும் பின்னால வருது கண்ணு. எந்தக் கம்பெனில இப்பிடி அடுக்குவாங்க?" என்றபடி அந்த வரியில் அம்பை ஒட்டினார். கம்ப்யூட்டர் ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருந்தது. பெட்டிக்குள்ளேயே பிழைப்பு நடத்திய என் கண்ணுக்கு அது படவில்லை. அவர் சொன்ன பிறகுதான் எஸ், எம், எல் என்று வரிசையை மாற்றினோம்.

பயிற்சி முடிந்ததும் ஒரு நிறுவனம் ஆளெடுக்க வந்தது. இடம் ஒன்றுதான். முதலில் என்னை அழைத்தார்கள். புராஜெக்டைப் பார்த்த அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். "சைஸ் வரிசைல நெறய பேர் கோட்டை விடுவாங்க. இத யார் கவனிச்சது?"

"நான்தான் சார்."

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "நம்ம சைஸ் தப்பப் பத்திக் கேட்டாங்களா கண்ணு?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் கேக்கலக்கா."

சொல்ல வேண்டிய நேரத்தில் என் வாயில் கொழுக்கட்டை. பொய்க்கு மட்டும் அது தாராளமாகத் திறந்தது. கேட்டார்கள் என்று நான் சொல்லியிருந்தால் அவர் உள்ளே போய் அதைச் சொல்லியிருப்பார். கேட்கவில்லை என்றதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தார். வேலை எனக்குக் கிடைத்தது. வகுப்புக்கே தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்து என்னை வாழ்த்தியவர் அவர்தான். அவர் பழைய செக்கிங் மேசையிலேயே இருந்துவிட்டார். நான் போன் செய்வதையும் மெல்லக் குறைத்துக்கொண்டேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அதுக்கப்பறம் அம்மா எந்த இன்டர்வியூக்கும் போவலீங்கக்கா. 'நான் கண்டுபுடிச்சத அவங்க ஒரு வார்த்த கூடக் கேக்கலயாமா சாமி. அந்த வேலைக்கு என்ற கண்ணு ஆவாதாட்ட இருக்குது'ன்னு சொல்லுச்சுங்க."

எனக்கு அழுகை கூட வரவில்லை. அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லவும் துணிச்சல் வரவில்லை.

அவள் அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து, இதில் அம்மா செய்தது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். திறந்தேன். சார்ஜ் இல்லை. கறுப்புத் திரையில் அந்தச் சிவப்பு அம்பு அப்படியே ஒட்டியிருந்தது. அதன் நுனியில் என் முகம் தெரிந்தது.

கேட்டாங்கக்கா. முதல் கேள்வியே அதுதான். உங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. போய் வாருங்கள்.