நான் மூப்பராக நடித்த வகுப்பு

பூமியில் சொர்க்கம் கட்டப் புறப்பட்டவர்கள்மீது எனக்கு எப்போதும் இளக்காரம்தான். அந்த இளக்காரத்தைப் பாடம் என்ற பெயரில் பல வருடம் நடத்தினேன்.

யாங்கோனில் என் வீடு மூன்றாவது மாடி. கல்லூரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் முன்னறையில் சாயங்கால வகுப்பு வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக் கல்லூரிகளில் இணையம் வழியே சேர நினைப்பவர்கள் ஆங்கிலத்தில் வாசித்து விவாதிக்கப் பழகுவதற்கு வருகிறார்கள். பல வருடம் அவர்களுக்கு ஷேக்கர்களைப் பாடமாக வைத்தேன்.

ஷேக்கர்கள் அமெரிக்காவில் கூட்டாக வாழ்ந்த கிறிஸ்தவர்கள். சொத்து பொது. கல்யாணம் கிடையாது. ஆணுக்கு ஒரு வாசல், பெண்ணுக்கு ஒரு வாசல். தொழும்போது உடல் குலுங்க ஆடுவார்கள். தரையைப் பெருக்க வசதியாக நாற்காலிகளைச் சுவரில் முளையடித்து மாட்டிவிடுவார்கள். "நல்ல நாற்காலி செய்தார்கள், அதில் உட்கார வாரிசு செய்யவில்லை" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அதே வாக்கியத்தைச் சொன்னேன்.

வரலாற்றோடு ஒரு சிறுகதையும் உண்டு. நானே எழுதியது. ஷேக்கர் கிராமத்தை விட்டு ஓடிப்போகும் ஒரு பெண்ணின் கதை. அதில் அவளைத் தவிர மற்ற எல்லோரும் மந்தை ஆடுகள். சில வருடங்களுக்கு முன், அதை வாசித்து முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்.

"ஏன் ஸயா, ஓடிப்போறவ மட்டும்தான் புத்திசாலியா? தங்கினவங்க எல்லாம் மடையங்களா?"

ஸயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். அவள் நம் கோயில் தெரு மசாலாக் கடைக்காரரின் மகள். தமிழ் நன்றாகப் புரியும், வாயில் வருவது பெரும்பாலும் பர்மியம். அவள் பேசியதை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"தங்கினவங்களப் பத்தி நீ ஒரு கதை எழுதிட்டு வா, பாக்கலாம்" என்று மடக்கினேன். அதற்கும் வகுப்பு சிரித்தது.

ஷேக்கர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேருகிறவர் அதுவரை வாழ்ந்த வாழ்க்கையை மூப்பர் ஒருவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அது எவ்வளவு கேவலமான அதிகாரம் என்று காட்டுவதற்காக, வகுப்பையே ஒருநாள் ஷேக்கர் கிராமமாக மாற்றினேன். பிளாஸ்டிக் ஸ்டூல்களை ஆணியில் மாட்டினோம். எங்கள் கட்டடத்தில் இருப்பது ஒரே படிக்கட்டு. பெண்கள் ஏறி முடிக்கும்வரை ஆண்கள் தெருவில் நின்றார்கள். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் மூப்பராக உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் அம்மா மீன்விழுது போட்டுவைத்த ஙப்பி ஜாடியை உடைத்ததை ஒப்புக்கொண்டான். இன்னொருவன் என் வகுப்பில் தூங்குவதை. எல்லாம் விளையாட்டு.

அவள் விளையாடவில்லை.

"நான் ஆபீஸ் வேலையில இல்ல ஸயா. லேடீஸ் ஹாஸ்டல்லயும் இல்ல. அப்பா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காரு."

நகரத்து ஓரத் தொழிற்பேட்டையான லைங் தாயாவில் தையல் தொழிற்சாலைப் பெண்களோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். ஆறு பேர். யாரும் யாருக்கும் உறவில்லை. சம்பளம் எல்லாம் ஒரே உண்டியலில். அதிலிருந்து ஒருத்தி மட்டும் வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாம், மற்றவர்கள் அவளைச் சுமப்பார்கள். அவள் முடித்ததும் அடுத்தவள். அந்த வருடம் இவளுடைய முறை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஸயா. அப்பாவுக்குத் தெரிஞ்சா எம்முறை போயிடும்."

மூப்பருக்குரிய முகத்தோடு தலையசைத்தேன்.

ஞாயிறு காலைகளில் கோயில் தெரு தேநீர்க்கடையில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். உலகத்தில் எதுவும் உருப்படாது என்று ஒருவருக்கொருவர் உறுதிசொல்லிக்கொள்ளும் கூட்டம். அவளுடைய அப்பாவும் வருவார். அந்த வாரம் அவர்தான் ஆரம்பித்தார்.

"என்ன ஸயா, கல்யாணமே பண்ணிக்காத கூட்டத்தப் பத்திப் பாடமாமே? எம்பொண்ணு சொன்னா. எங்க வம்சத்த அறுக்கறதுன்னே கெளம்பிட்டீங்களா?"

"ஆடி ஆடியே அழிஞ்சு போனவங்களாம்ல" என்றார் பக்கத்தில் இருந்தவர். "நம்ம தீமிதிக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாம். ஆளுக்கு ஒரு கரகமாவது மிஞ்சியிருக்கும்."

கடையே சிரித்தது. அது என்னுடைய சிரிப்பு. என் பாடத்தை வைத்து வேறொருவர் வாங்கிக்கொண்டு போகிறார். என்னால் பொறுக்க முடியவில்லை. காரணம் அவ்வளவுதான். பெரிதாக வேறொன்றும் இல்லை.

"சிரிக்காதீங்க" என்றேன் அவள் அப்பாவிடம். "லைங் தாயாவுல ஒரு கிளை தெறந்தாச்சு. உங்க பொண்ணுதான் அங்க சாமியாரம்மா. ஹாஸ்டலாம் ஹாஸ்டல்! ஆறு பொம்பளைங்க, ஒரு உண்டியல், அஞ்சு பேரு தெச்சுப் போட இவ ஒருத்தி படிக்கறா."

முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். அவர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று மாலையே லைங் தாயாவுக்குப் போய் மகளைப் பையோடு அழைத்து வந்துவிட்டார்.

இரண்டு வகுப்புகளுக்கு அவள் வரவில்லை. அதன்பிறகுதான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அது வெறும் வேடிக்கைக்குச் சொன்ன கதை என்று சொல்வதாகத் திட்டம். படித்தவன் போட்ட திட்டம்.

"கதையா? அப்ப நான் கண்ணால பாத்த உண்டியல் எங்கேருந்து வந்துச்சு?" என்றார் அவர்.

"சரி, நிஜம்தான். நல்ல பொண்ணுங்க. படிக்கட்டும், விடுங்க."

"நீங்கதானே ஸயா சொன்னீங்க, அந்த மாதிரிக் கூட்டம் எதுவும் வெளங்குனதில்லன்னு? அவ வீட்டுக்கு வந்து சோறு திங்கும்போதெல்லாம் அதத்தான் சொல்லிட்டிருப்பா. படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். த்வாண்டேல மாப்பிள்ளை பாத்திருக்கோம். பானைக்கடை. நல்ல எடம்."

என் பாடத்தை எனக்கே ஒப்பித்தார்.

அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கிளம்பும்போது படிக்கட்டுவரை வந்தாள்.

"ஸயா, ஷேக்கர் ஊரை விட்டுப் போறவங்களுக்கு என்ன குடுத்து அனுப்புவாங்கன்னு சொன்னீங்க?"

"துணிமணி. சில சமயம் தொழிலுக்கான சாமான்."

"எங்க லைங் தாயா வீட்ல எனக்கு என்ன குடுத்தாங்க தெரியுமா? என் முறைய எடுத்து வச்சிருக்காங்க. எப்ப வந்தாலும் வரலாமாம்." சிரிக்க முயன்றாள். "இப்போதைக்கு என் எடத்துக்கு வேற ஆளு வரும். அவகிட்ட நீங்க ஒண்ணும் கேக்காதீங்க."

அவளுக்குக் கல்யாணம் ஆனது. பத்திரிகை எனக்கும் வந்தது, நான் போகவில்லை. த்வாண்டேயில் கடையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்வி. படிப்பு நின்றது நின்றதுதான்.

லைங் தாயா வீடு கலையவில்லை. அங்கே யாரும் பிள்ளை பெறவில்லை. இருந்தும் ஒருத்தி போனால் இன்னொருத்தி முறைக்கு வருகிறாள். வாரிசைப் பற்றிய அந்த வாக்கியத்தை நான் இப்போது வகுப்பில் சொல்வதில்லை.

அவள் சொன்னபடியே, நான் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்த அடுத்த வாரம் ஒரு பெண் வந்தாள். விரல் நுனிகளில் ஊசித் தழும்பு. வாசலில் நின்றபடி, எதையோ சொல்லத் தயாராக வந்தவளைப் போல என்னைப் பார்த்தாள். ஆணியிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை.