கோவர்த்தனனின் வாய்க்குப் பொட்டு வைத்த நாள்

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் பவர்லூம் சத்தத்தை மீறிப் பேசத் தெரியாதவன் பிழைக்க முடியாது. சொந்தத் தறி வைத்திருந்த கோவர்த்தனன் மீறிப் பேசியதோடு நிற்கவில்லை. வைதார், பாடினார், அடுத்த தெருப் பேரத்திலும் தலையிட்டார். பிறகு ஒரு நரம்பு நோய் வந்து கைகால்களைக் கட்டிப்போட்டது. கடைசியில் நாக்கையும். ஊர் பரிதாபப்பட்டது. சிலர் ரகசியமாக நிம்மதியும் அடைந்தார்கள்.

நிம்மதி நீடிக்கவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லி, கண்ணால் பேசும் மெஷின் ஒன்று வந்து சேர்ந்தது. திரைக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை. கண் எங்கே பார்க்கிறது என்பதை அது கவனிக்கும். ஓர் எழுத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் அது திரையில் விழும். வாக்கியம் முடிந்ததும், ரயில் தாமதத்துக்கு வருந்தும் ஸ்டேஷன் குரலில் மெஷின் படிக்கும். அந்தக் குரலில் வசவு கேட்பது தனி அனுபவம்.

பேச்சுப் பயிற்சி தரும் சபீனா வந்து மனைவி ஸ்வர்ணலதாவிடம் படித்துப் படித்துச் சொன்னார். "ஒரு கை நீளம் தள்ளி வைங்க. ஸ்டாண்டு ஸ்குரூ தளர்ந்தா மூக்கு மேலேயே விழும், தினம் பாருங்க. நடுநடுவுல கண்ணுக்கு ஓய்வு வேணும். மெஷின் நின்னுபோற நாளும் வரும். மேல பாத்தா ஆமா, கீழ பாத்தா இல்ல. இதை வீட்டுல எல்லாரும் பழகணும்."

கண் ஓய்வும் மேல்-கீழ்ப் பழக்கமும் காற்றோடு போயின. கண்ணை மூடினால் வாயை மூடியதாகும் என்பது கோவர்த்தனன் கட்சி. மெஷின் இருக்கும்போது மேலும் கீழும் எதற்கு என்பது வீட்டார் கட்சி.

ஆயுத பூஜை வந்தது. தறி, மோட்டார், ஸ்கூட்டர், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த வேகத்தில், ஸ்வர்ணலதா மெஷினின் கறுப்புப் பட்டைக்கும் தாராளமாகப் பொட்டு வைத்தார். மெஷின் குருடாயிற்று. பூஜை போட்ட பொருளை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது வீட்டு வழக்கம்.

அந்த நேரம் பார்த்து ஸ்வர்ணலதாவின் அண்ணன் தனசேகர், வெற்றிலைத் தட்டு ஏந்திய புத்தூர் ரங்கையாவோடு வந்தார். தறிகளை விற்றுவிடச் சொல்லி ஒரு மாதமாக நச்சரிப்பவர் தனசேகர்தான். மெஷின் ஒவ்வொரு முறையும் 'மாட்டேன்' என்றே சொல்லியிருந்தது.

"மாப்ள, தறிய ரங்கையா எடுத்துக்கறேன்றாரு. நல்ல நாளு. இன்னா சொல்றே?"

கோவர்த்தனன் திரையை உற்றுப் பார்த்தார். ஓர் எழுத்தும் விழவில்லை.

"மௌனம் சம்மதம்," என்றார் தனசேகர், பழமொழி ஒன்று சமயத்துக்கு உதவிய பூரிப்பில்.

"சரேலே," என்று தெலுங்கில் ஒப்புக்கொண்டு ரங்கையா தட்டை நீட்டினார்.

கோவர்த்தனனின் கண்கள் கீழே இறங்கின. மறுபடி இறங்கின.

"பாவம், தூக்கம் வருது," என்றார் தனசேகர்.

"தூக்கமில்ல மாமா!" என்றாள் மகள் மஞ்சு, சபீனா சொன்னது நினைவுக்கு வந்து. "நைனா இல்லன்றாரு!"

ஸ்வர்ணலதா கணவன் முகத்துக்கு நேரே குனிந்தார். "தறிய குடுத்துடலாமா?" கண் கீழே. "மெஷின தொடைக்கட்டா?" கண் உத்தரத்தையே தொட்டது.

தனசேகருக்குத் திடீரென்று பக்தி வந்தது. "பூஜ போட்டத தொடலாமாம்மா? குத்தம்."

"ஆயுதத்துக்குத்தாண்ணா பூஜ. இது அவரு வாயி. உன் வாயிக்கு எவனாவது பொட்டு வெச்சானா? வெச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

ஈரத்துணியோடு கிளம்பிய அம்மாவை மஞ்சு தடுத்தாள்: "தண்ணி உள்ள பூடும்மா." உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தார்கள். கண்ணை மறுபடி அடையாளம் காண, திரையில் ஒரு புள்ளி மூலைக்கு மூலை ஓடியது. கோவர்த்தனனின் கண் துரத்தியது. ரங்கையா தட்டை மடியில் வைத்துக்கொண்டு திருவிழா பார்ப்பதுபோல் பார்த்தார்.

'வி' விழுந்தது. 'க்' விழுந்தது.

"விக்கறேன்னுதான் சொல்ல வராரு," என்று தனசேகர் உதவிக்கு வந்தார்.

"அவரு வாக்கியத்த அவரே முடிப்பாரு," என்றார் ஸ்வர்ணலதா.

காத்திருந்தார்கள். ஸ்டேஷன் குரல் அறிவித்தது: "விக்கமாட்டேன். ரங்கையா காரு, சுண்டல் துன்னுட்டு போங்க. தனசேகருக்கு வாணாம்."

ரங்கையா சிரித்துக்கொண்டே சுண்டலுக்குக் கை நீட்டினார்.

"எனக்கு ஏன் மாப்ள வாணாம்?"

கோவர்த்தனன் கண்ணை மூடிக்கொண்டார். சபீனா கெஞ்சியும் கிடைக்காத ஓய்வு, தானாகவே கிடைத்தது. ஸ்வர்ணலதா திரையை ஓரமாகத் தள்ளினார்.

"கண்ணுக்கு ரெஸ்ட்டு நேரம். பதில் வேணும்னா உக்காந்துனு இருண்ணா."

தனசேகர் உட்கார்ந்தார்.